கோடை விடுமுறையில் வெளிநாட்டில் ஆங்கிலப் பயிற்சி: பிள்ளையை அனுப்பும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும்?

குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அக்கா ஒரு பிடிஎஃப் அனுப்பியிருக்கிறார். அட்டையில் பச்சைப் புல்வெளி, பழைய கல் கட்டடம், சிரித்துக்கொண்டு நிற்கும் பல நாட்டுப் பிள்ளைகள். ‘இங்கிலாந்தில் 3 வார ஆங்கிலப் பயிற்சி, 10 முதல் 17 வயது வரை.’ கீழே அக்காவின் செய்தி: “நீதான ஆன்சைட்லாம் போயிட்டு வந்த. இவன இதுல சேக்கலாமான்னு பாத்துச் சொல்லு. எஃப்.டி.ய உடைச்சிடலாம்னு மாமா சொல்றாரு.”

வீட்டில் வெளிநாடு போய் வந்த முதல் ஆள் நீங்கள் என்றால், இந்தக் கேள்வி உங்களிடம்தான் வரும். நீங்கள் சொல்லும் பதிலை வைத்துத்தான் பல லட்சம் ரூபாய் செலவாகுமா, மிச்சமாகுமா என்பது முடிவாகும். அதனால் “சூப்பரா இருக்கும், அனுப்புங்க” என்று டைப் செய்வதற்கு முன்னால் சில விஷயங்களைப் பார்த்துவிடலாம். இங்கே பிரிட்டனை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம்.

இது என்ன மாதிரியான பயிற்சி?

பிரிட்டனில் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பள்ளிகளுக்கு விடுமுறை. அப்போது காலியாகக் கிடக்கும் தங்கும் பள்ளிகளையும் கல்லூரி விடுதிகளையும் தனியார் பயிற்சி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்து முகாம் நடத்துகின்றன. பிரைட்டன், போர்ன்மத், ஈஸ்ட்போர்ன் போன்ற கடலோர ஊர்களும் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், கேன்டர்பரி போன்ற பழைய நகரங்களும் இதற்குப் பேர் போனவை. அயர்லாந்திலும், ஆங்கிலத்தை ஆட்சிமொழிகளில் ஒன்றாகக் கொண்ட மால்டா தீவிலும் இதே தொழில் நடக்கிறது.

பொதுவான அட்டவணை இதுதான்: அரைநாள் வகுப்பு, மீதி அரைநாள் விளையாட்டு அல்லது ஊர் சுற்றல், இரவில் டிஸ்கோ, நாடகம், வினாடி வினா. வாரக் கடைசியில் லண்டன் போன்ற பெரிய ஊருக்கு ஒரு நாள் பயணம். தங்குவது விடுதியில், அல்லது உள்ளூர்க் குடும்பம் ஒன்றின் வீட்டில்.

யாருக்காக உருவாக்கப்பட்டது?

பிரசுரத்தில் இல்லாத முக்கியமான விஷயம் இங்கேதான் இருக்கிறது. இந்த வகுப்புகள் அடிப்படையில் இத்தாலி, ஸ்பெயின், துருக்கி, சீனா, ஜப்பான் போன்ற நாடுகளின் பிள்ளைகளை மனதில் வைத்து உருவானவை. அந்தப் பிள்ளைகள் கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் தாய்மொழியில் படிப்பவர்கள். ஆங்கிலம் அவர்களுக்கு ஒரே ஒரு பாடம்.

உங்கள் அக்கா பையனோ எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில மீடியம். ஆங்கிலத்தில் பாடம் படித்து, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதுகிறவன். முதல் நாள் வைக்கும் தேர்வில் அவன் மேல்நிலைக் குழுவில் வர வாய்ப்பு அதிகம். அந்த மையத்தில் அப்படி ஒரு குழுவே இல்லாவிட்டால், ஆறாம் வகுப்பிலேயே முடித்த இலக்கணத்தை மறுபடி உட்கார்ந்து கேட்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று: வகுப்பில் கூட உட்காரப் போவது ஆங்கிலேயப் பிள்ளைகள் இல்லை. இவனைப் போலவே வெளியிலிருந்து வந்தவர்கள்தான். “அங்க போனா வெள்ளைக்காரப் பசங்களோட பேசிப் பேசி வந்துடும்” என்ற எதிர்பார்ப்பில் பாதி அங்கேயே போய்விடுகிறது.

3 வாரத்தில் எவ்வளவு ஆங்கிலம் வரும்?

மொழித்திறனை அளக்க சிஇஎஃப்ஆர் என்ற அளவுகோல் இருக்கிறது. 2001-ல் வெளியானது. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு நிலைகள். கேம்பிரிட்ஜ் ஆங்கிலத் தேர்வு அமைப்பு தரும் தோராயக் கணக்குப்படி, ஆரம்பத்திலிருந்து ஏ2 நிலையை எட்ட 180 முதல் 200 மணி நேர வகுப்பு தேவை. பி1-க்கு 350 முதல் 400. பி2-க்கு 500 முதல் 600. அதாவது ஒரு படி ஏற ஏறத்தாழ 200 மணி நேரம்.

இப்போது பிரசுரத்தைப் பாருங்கள். ‘வாரம் 20 பாடங்கள்’ என்று இருந்தால், ஒரு பாடம் எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். பல இடங்களில் அது 45 நிமிடம். அப்படியானால் வாரம் 15 மணி நேரம், 3 வாரத்துக்கு 45 மணி நேரம். ஒரு படிக்குத் தேவையானதில் கால் பங்குகூட இல்லை.

வகுப்புக்கு வெளியேயும் ஆங்கிலம் பேசுவான் என்பது உண்மைதான். ஆனாலும் 3 வாரத்தில் ஒரு நிலை தாண்டிவிடுவான் என்று யாராவது உறுதி சொன்னால், கொஞ்சம் யோசியுங்கள். கடைசி நாளில் தரும் சான்றிதழும் கலந்துகொண்டதற்கான சான்றிதழ்தான். ஐஇஎல்டிஎஸ் போன்ற தேர்வு மதிப்பெண்ணுக்கு அது மாற்று ஆகாது.

அப்போ பயனே இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது வேறு பயன்.

நன்றாக எழுதுவான், படிப்பான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான் என்ற வகைப் பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. இந்தி தெரியாத, தமிழ் தெரியாத ஒரு துருக்கிப் பையனோடு அறையைப் பகிரும்போது, தப்போ சரியோ ஆங்கிலத்தில் பேசியே ஆக வேண்டும். அவன் ஆங்கிலமும் தடுமாறுகிறது என்று தெரிந்ததும் கூச்சம் பாதி போய்விடும். நம்மைத் திருத்துகிற அப்பாவோ, சிரிக்கிற வகுப்புத் தோழர்களோ அங்கே இல்லை. தன் துணியைத் தானே துவைப்பது, கைச்செலவுக் காசைக் கணக்குப் பார்ப்பது எல்லாம் கூடுதல் லாபம்.

இது கிடைக்க ஒரு நிபந்தனை உண்டு. ஒரே ஊரிலிருந்து ஒரே ஏஜென்ட் மூலம் 25 பிள்ளைகள் கும்பலாகப் போனால், சாப்பாட்டு மேசையில் தமிழ்தான் ஓடும். ஒரு மையத்தில் ஒரே மொழி பேசுகிறவர்கள் எத்தனை சதவீதம் என்பதை எழுத்தில் கேளுங்கள். நல்ல நிறுவனங்கள் சொல்லும்.

நம் விடுமுறையோடு ஒத்துவருமா?

பலர் பணம் கட்டிய பிறகுதான் இதைக் கவனிக்கிறார்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலான பள்ளிகளின் கோடை விடுமுறை ஏப்ரல் இறுதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. ஐரோப்பிய முகாம்களோ ஜூன் கடைசியில் தொடங்கி ஆகஸ்ட்டில் முடிகின்றன. போக வேண்டுமென்றால் பள்ளிக்கு லீவு போட்டுத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வு எழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும்.

சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகளில் விடுமுறை தாமதமாக வருவதால் அங்கே படிப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவு. மற்றவர்கள் ஈஸ்டர் விடுமுறைக் காலத்தில் நடக்கும் முகாம்களையோ, ஆண்டு முழுவதும் இயங்கும் மையங்களையோ தேடலாம்.

விசா எப்படி?

பிரிட்டனுக்கு 6 மாதம் வரையிலான படிப்புக்குத் தனி மாணவர் விசா தேவையில்லை. ‘ஸ்டாண்டர்ட் விசிட்டர்’ விசா போதும். 2025 ஏப்ரலில் இதன் கட்டணம் 127 பவுண்டானது. பயணத்துக்கு 3 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்.

இதில் ஒரு நுணுக்கம். 30 நாள் வரையிலான பொழுதுபோக்குப் பயிற்சிகளை அங்கீகாரம் இல்லாத இடத்திலும் படிக்க விதி அனுமதிக்கிறது. ஆனால் ஆங்கில மொழிப் பயிற்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும். பிரிட்டிஷ் கவுன்சிலின் ‘அக்ரடிடேஷன் யூகே’ பட்டியல் இணையத்தில் இருக்கிறது. பிரசுரத்தில் உள்ள லோகோவை நம்பாமல், பட்டியலில் பெயரைத் தேடுங்கள்.

18 வயதுக்குக் கீழ் உள்ளவர் தனியாகப் போனால் பெற்றோரின் சம்மதக் கடிதம், எங்கே யாரிடம் தங்குகிறார் என்ற விவரம் எல்லாம் வேண்டும். பெரியவர் யாராவது கூடப் போகிறார் என்றால், அந்த நபரின் விவரத்தையும் விண்ணப்பத்தில் தர வேண்டும். பிறகு ஆளை மாற்றினால் சிக்கல்.

மற்ற நாடுகளின் விதி வேறு. மால்டாவுக்கு ஷெங்கன் விசா. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, தனி விசா. ஆஸ்திரேலியாவில் விசிட்டர் விசாவில் 3 மாதம் வரை படிக்கலாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்?

கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். கணக்குப் போடும் முறையை மட்டும் பார்ப்போம். தங்குமிடம், சாப்பாடு, வகுப்பு சேர்த்து வாரம் 1,000 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பவுண்ட் 115 ரூபாய் என்றால் 3 வாரத்துக்கு 3,45,000 ரூபாய். விமான டிக்கெட், விசா, காப்பீடு, கைச்செலவு எல்லாம் இதற்கு மேல். சின்னப் பிள்ளைகள் தனியாகப் பறக்க விமான நிறுவனம் தனிக் கட்டணம் வாங்கலாம். எந்த வயது வரை என்பதும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

அடுத்து டிசிஎஸ். நாமே நேரடியாக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால், 2025 ஏப்ரல் 1 முதல் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய் வரை டிசிஎஸ் இல்லை. முன்பு இது 7 லட்சமாக இருந்தது. ஆனால் ஏஜென்ட் டிக்கெட்டையும் தங்குமிடத்தையும் சேர்த்து ‘வெளிநாட்டுச் சுற்றுலா பேக்கேஜ்’ என்று பில் போட்டால், முதல் ரூபாயிலிருந்தே டிசிஎஸ் பிடிப்பார்கள். விகிதம் பட்ஜெட்டில் மாறக்கூடியது, கட்டும் நாளில் சரிபாருங்கள். பிடித்த தொகையை வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் கையில் இருக்காது. பில் எந்தத் தலைப்பில், யார் பெயரில் வரும் என்று முதலிலேயே கேளுங்கள்.

விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்ப வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். “அதெல்லாம் வராது சார், கவலப்படாதீங்க” என்பது பதில் இல்லை.

பாதுகாப்புக்கு என்ன கேட்பது?

பிரிட்டனில் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்களின் குற்றப் பின்னணியைச் சரிபார்க்க டிபிஎஸ் என்ற அரசு அமைப்பு இருக்கிறது. ஊழியர்களுக்கும், பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பத்தின் பெரியவர்களுக்கும் அந்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை, நெருங்கிய உறவல்லாதவர் வீட்டில் 28 நாள் அல்லது அதற்கு மேல் தங்கினால், அந்த ஊர் உள்ளாட்சிக்கு அறிவிக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

இரவு 2 மணிக்குக் காய்ச்சல் வந்தால் யாரை எழுப்புவது, மதியம் சுற்றப் போகும்போது எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், சைவச் சாப்பாடு தினமும் உண்டா, போன் எந்த நேரத்தில் கையில் இருக்கும் என்பதெல்லாம் வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள்.

‘ஆக்ஸ்போர்டு’ என்ற பெயரைப் பார்த்து மயங்கலாமா?

ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரிகள் விடுமுறையில் அறைகளை வாடகைக்கு விடுகின்றன. அங்கே தங்கி நடக்கும் பல முகாம்களைத் தனியார் நிறுவனங்களே நடத்துகின்றன. ஊரின் பெயரோ கட்டடத்தின் படமோ இருப்பதால் அது பல்கலைக்கழகப் படிப்பு ஆகிவிடாது. பின்னாளில் அங்கே இடம் கிடைக்க இது உதவும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சரி, அக்காவுக்கு என்ன பதில் சொல்வது?

அவன் ஆங்கிலம் உண்மையிலேயே பலவீனமாக இருந்தால், அவனுக்குத் தேவை 200 மணி நேரம். அது 3 வாரத்தில் முடியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நல்ல ஆசிரியரோடு வாரம் 4 மணி நேரம் உட்கார்ந்தால் ஓராண்டில் முடியும். செலவும் மிகக் குறைவு.

ஆங்கிலம் நன்றாகத் தெரியும், பேசத்தான் தயக்கம் என்றால், இந்தப் பயணம் உதவலாம். அப்போதும் பொது ஆங்கில வகுப்பைவிட விவாதம், நாடகம், அறிவியல் போன்று ஒரு விஷயத்தை ஆங்கிலத்தில் செய்யும் முகாம் அவனுக்குப் பொருந்தும். செலவழித்த பிறகும் வீடு ஆட்டம் காணாது என்றால் அனுப்பலாம். எஃப்.டி.யை உடைத்தோ நகையை அடகு வைத்தோ அனுப்பும் அளவுக்கு இதில் எதுவும் இல்லை. கல்லூரிக் கட்டணம் இன்னும் சில ஆண்டுகளில் வரப்போகிறது.

கடைசியாக, பையனிடம் யாராவது கேட்டார்களா? முன்பின் தெரியாதவர்களோடு 3 வாரம் இருக்க அவனுக்கு விருப்பமா, பயமா? அக்காவுக்குப் பதில் டைப் செய்வதற்கு முன் அவனுக்கு ஒரு போன் போடுங்கள். முடிந்தால் பத்து நிமிடம் ஆங்கிலத்திலேயே பேசிப் பாருங்கள். அவனுக்கு எது தேவை என்பது அந்தப் பத்து நிமிடத்தில் ஓரளவு தெரிந்துவிடும்.