தொப்பியிலிருந்து மரக்கிளைக்கு

பறவைகளை எண்ணுவது வெறும் பொழுதுபோக்குத்தானா? இவ்வினாவுக்கு நியூயார்க் நகரத்து வரலாறு நல்ல விடை தருகிறது.

1886-ஆம் ஆண்டில் அந்நகரின் கடைவீதிகளில் பிராங்க் சாப்மன் என்னும் இளைஞர் இருமுறை உலாவினார். வங்கியிலே வேலை, பறவைகளிலே பேரார்வம். அவர் பறவைகளை எண்ணினார். ஆனால் மரங்களில் அல்ல, மங்கையர் தொப்பிகளில்! அவர் கண்ட 700 தொப்பிகளில் 542 தொப்பிகளை இறகுகளோ பாடம் செய்த பறவைகளோ அணிசெய்தன. அவற்றில் 40 இனங்களை அவர் அடையாளங் கண்டார்.

அவ்வீதிகளுக்கு வடக்கே 843 ஏக்கர்ப் பரப்பில் சென்ட்ரல் பூங்கா விரிந்து கிடக்கிறது. வலசை போகும் சிறு குருவிகள் பெரும்பாலும் இரவிலே பறப்பவை. விடியற்காலையில் கட்டடங்களின் நடுவே தோன்றும் இப்பசுந்திட்டில் அவை இறங்கி இளைப்பாறும். புழு பூச்சிகளைத் தேடி உண்ணும். ஆகவே மே மாதத்தில் மரமெல்லாம் பாட்டொலி. கோடையில் ராபின் பறவை கூடுகட்டும். இலையுதிர் காலத்தில் வலசைக் கூட்டம் தெற்கே திரும்பும். குளிர்காலத்தில் நீர்நிலையிலே வாத்துகள் மிதக்கும்.

அக்காலத்தில் பறவையை ஆராய விரும்பியவரும் துப்பாக்கியையே நாடினர். 1889-இல் புளோரன்ஸ் மெரியம் என்னும் பெண்மணி, நாடக அரங்கில் பயன்படும் சிறு இரட்டைக் கண்ணாடி கொண்டே பறவைகளை அறியலாம் என்று நூல் எழுதிக் காட்டினார்.

கிறிஸ்துமஸ் நாளில் குழுக்களாகப் பிரிந்து, மிகுதியாகச் சுட்டு வீழ்த்துவோர் யார் எனப் போட்டியிடும் வழக்கமும் இருந்தது. 1900-இல் சாப்மன், ‘கொல்லாதீர், எண்ணுங்கள்’ என்ற கருத்தைத் தம் பறவை இதழில் முன்வைத்தார். அவ்வாண்டு 25 இடங்களில் 27 பேர் எண்ணினர். அவ்விடங்களுள் சென்ட்ரல் பூங்காவும் ஒன்று.

மக்கள் மனம் மாறியது, சட்டமும் மாறியது. 1910-இல் நியூயார்க் மாநிலம் உள்நாட்டுப் பறவைகளின் இறகு விற்பனையைத் தடுத்தது. 1918-இல் வலசைப் பறவைகளைக் காக்க நாடு முழுமைக்கும் சட்டம் பிறந்தது. அக்கிறிஸ்துமஸ் கணக்கெடுப்போ இன்றும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது.

மாணவர்களே, எண்ணிக்கை வெறும் எண் அன்று; அது சான்று. தொப்பிகளில் எடுத்த கணக்கு ஓர் அழிவைக் காட்டியது. கிளைகளில் எடுத்த கணக்கு காக்கும் வழியைக் காட்டியது. உங்கள் ஊர்ப் பூங்காவுக்கும் ஒரு குறிப்பேட்டுடன் செல்லுங்கள். நாளும் இடமும் குறித்து நீங்கள் எழுதும் ஒரு வரி, நாளை ஓர் உயிரினத்துக்காகப் பேசும் சாட்சியாகலாம்.