பெயர் மாறும் தரவுத்தளங்களும் மண்டபம் ஆய்வாளரும்

தரவுத்தளம் ஒன்றின் பெயர் மாறினால் பழையதை அழித்துப் புதியதை உள்ளிடுவதோடு வேலை முடிந்தது என்று பல நூலகங்கள் கருதுகின்றன. ஆய்வாளரின் தேடல் அறுந்துபோவது அங்கேதான்.

மண்டபம் கடற்கரையில் ஆய்வு செய்பவரின் தேவையிலிருந்து இதைப் பார்க்கலாம். தொண்ணூறுகளில் இப்பகுதியில் சோதனைமுறையில் வளர்க்கப்பட்ட கப்பாஃபைகஸ் ஆல்வரேசி என்னும் கடற்பாசி, குருசடைத் தீவுப் பவளப்பாறைகளில் பரவியிருப்பதாக 2008-இல் ஆய்வறிக்கை வெளியானது. அந்தப் பாசி 1985-இல் யூக்கீமா ஆல்வரேசி என்ற பெயரில்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. கடல் உயிரினங்களின் உலகப் பதிவேடான 'வோர்ம்ஸ்' பழைய பெயரை நீக்கவில்லை. ஏற்கப்படாத பெயர் என்று குறித்து, இன்றைய பெயரோடு பிணைத்து, ஒவ்வொரு பெயருக்கும் மாறாத எண்ணும் தந்திருக்கிறது. எனவே எந்தப் பெயரை இட்டாலும் தேடுபவர் உரிய இடத்துக்கு வந்துசேர்கிறார்.

இதே ஆய்வாளர் புரட்டும் இதழ்களுக்கு அந்தக் கவனிப்பு எப்போதும் கிடைப்பதில்லை. 1972-இல் தொடங்கிய 'இந்தியன் ஜர்னல் ஆஃப் மரைன் சயின்சஸ்', 2010-இல் 'இந்தியன் ஜர்னல் ஆஃப் ஜியோ-மரைன் சயின்சஸ்' ஆனது. அதை வெளியிட்ட நிஸ்கேர் 2021-இல் வேறொரு நிறுவனத்தோடு இணைந்து நிஸ்பர் ஆனதால், இதழ்க் களஞ்சியத்தின் இணைய முகவரியும் மாறியது. இதழ், வெளியீட்டாளர், முகவரி என மூன்றும் ஒரே சமயத்தில் மாறவில்லை. ஒரே கட்டத்தில் ஒரே பெயரை வைத்திருக்கும் பட்டியல் இந்த மூன்றையும் தாங்காது.

இன்னும் சிக்கலானது, ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் 'வெப் ஆஃப் சயின்ஸ்'. 2014-க்கு முன் 'வெப் ஆஃப் நாலெட்ஜ்' என்ற தளத்துக்குள் இருந்த ஒரு தரவுத்தளத்தின் பெயர் அது. 2014-இல் அந்தப் பெயர் முழுத் தளத்துக்கும் சூட்டப்பட்டது. உள்ளே இருந்த தரவுத்தளம் 'கோர் கலெக்‌ஷன்' என்ற அடைமொழியைப் பெற்றது. ஆகவே 2012-இல் 'வெப் ஆஃப் சயின்ஸில் தேடினோம்' என்று எழுதியவரும் 2020-இல் அதையே எழுதியவரும் ஒரே இடத்தில் தேடியிருக்க வேண்டும் என்பதில்லை. பழைய பெயருக்கு 'காண்க' என்று ஒரு குறிப்பு போட்டால் இங்கே போதாது. எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதும் வேண்டும். இல்லையேல் முந்தைய ஆய்வின் தேடலை மறுபடி செய்து சரிபார்க்க வழியே இல்லை.

பட்டியலாக்க விதிகள் இதற்கு இடம் தருகின்றன. இதழின் தலைப்பு பெரிதாக மாறினால் புதிய பட்டியல் பதிவு உருவாக்கி, அதன் 780, 785 எண்ணிட்ட புலங்களால் முன்னதையும் பின்னதையும் இணைக்கிறோம். தொடர்ந்து புதுப்பிக்கப்படும் தரவுத்தளத்துக்கு ஒரே பதிவைத் திருத்தி, முந்தைய தலைப்பை 247-ஆம் புலத்தில் காலத்தோடு எழுதலாம். விதி இருந்தும் பலர் அதை நிரப்புவதில்லை. மின்வள மென்பொருளின் அகரவரிசைப் பட்டியலிலும் அந்தப் புலம் தேடலுக்கு எட்டாமல் போவதுண்டு. இது மென்பொருள் அமைப்பில் திருத்தக்கூடிய குறைதான்.

பழைய பெயர்களை வைத்தால் பட்டியல் வீங்கும் என்பார்கள். தேடலுக்கு மட்டும் பழையதைத் தந்து, திரையில் புதியதைக் காட்டினால் வீக்கம் இல்லை. வளாகத்துக்கு வெளியிலிருந்து நுழையும் ப்ராக்ஸி முகவரியை மட்டும் வேறாகக் கவனிக்க வேண்டும்; 'வெப் ஆஃப் சயின்ஸ்' பெயர் மாறியும் 'வெப் ஆஃப் நாலெட்ஜ்' முகவரி ஆண்டுக்கணக்கில் நீடித்தது. இந்திய நூலகங்களுக்கு மின்வளம் வரும் வழியும் மாறிவருகிறது. 2015-இல் மின்வளங்களைக் கூட்டாகப் பெறும் மூன்று திட்டங்கள் இ-ஷோத்சிந்துவாக இணைந்தன. 2025 ஜனவரி 1 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற இதழ்ச் சந்தாத் திட்டம் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நுழைவாயில்கள் மாறும் இந்த ஆண்டுகளிலேயே பழைய பெயர்களையும் தேதிகளையும் பதிவில் ஏற்றிவிட வேண்டும். பின்னால் திரட்டுவது பலமடங்கு கடினம்.