பின்புறச் சக்கரம்
120 படச்சுருளில் 6×6 செ.மீ. படம் எடுக்கும் மாமியா சிக்ஸ் மடிப்புக் கேமரா, 1940-இல் ஜப்பானில் மாமியா செய்இச்சியின் வடிவமைப்பில் வெளிவந்தபோது, தொலைமானியில், அதாவது இரட்டையாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கித் தூரத்தைக் கணிக்கும் அமைப்பில், ஓர் அரிய வழியைக் கையாண்டது: குவியத்தைச் சரிசெய்ய லென்ஸை அசைக்காமல், பின்புறச் சக்கரத்தைக் கட்டைவிரலால் உருட்டினால் படச்சுருளின் தளமே முன்பின் நகரும். மடிப்புக் கேமராவில் லென்ஸ் துருத்தியின் முனையில் நிற்பதால் அதைத் தொலைமானியுடன் பிசகின்றி இணைப்பது எவ்வளவு கடினம் என்று எண்ணினால் இத்தீர்வின் அழகு விளங்கும். இந்தப் பழைய கேமராவை வாங்குவோர், இருண்ட அறையில் துருத்திக்குள் சிறு விளக்கை வைத்து, மடிப்பு மூலைகளில் ஊசிமுனையளவு ஒளி கசிகிறதா என்று பார்ப்பர்; அதைவிட முக்கியமானது படச்சுருளைத் தட்டையாக அழுத்திப் பிடிக்கும் தகடு, ஏனெனில் தனியே கழன்று வரும் அது சுருள் மாற்றும்போது தொலைந்துபோவதுண்டு, அது இல்லாத கேமரா எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் கூர்மையான படத்தைத் தராது.