இரண்டு எலெக்ட்ரான்களைத் தேடி...

நான் என்ஜினீயர், இயற்பியல் அறிஞன் அல்ல. சிக்னலையும் இரைச்சலையும் பிரிப்பதே பிழைப்பாகிவிட்டதால், என்னை அசத்திய ஒரு தேடலின் வரலாற்றைச் சொல்கிறேன்.

சாதாரண பீட்டா சிதைவு நாம் படித்ததுதான். ஒரு நியூட்ரான் புரோட்டானாக மாறும்போது ஓர் எலெக்ட்ரானும் ஓர் எதிர்நியூட்ரினோவும் வெளியே வரும். துகள் ஒன்று, எதிர்த்துகள் ஒன்று. வரவு செலவு சரி. சில அணுக்கருக்களில் இரண்டு நியூட்ரான்கள் ஒரே சமயத்தில் மாறலாம் என்று 1935-ல் மரியா கோப்பர்ட் மேயர் கணக்கிட்டார். நியூட்ரினோவும் அதன் எதிர்த்துகளும் ஒன்றேயாக இருக்கலாம் என்றார் இத்தாலியின் எத்தோரே மயோரானா, 1937-ல். அப்படியானால் நியூட்ரினோவே வராமல் இரண்டு எலெக்ட்ரான்கள் மட்டும் வரலாமே என்று 1939-ல் வெண்டல் ஃபரி காட்டினார்.

வந்தால் என்ன? சும்மா இல்லை! லெப்டான் எண் மாறாது என்ற சமச்சீர்மை உடைந்துபோகும். பிரபஞ்சத்தில் எதிர்ப்பொருள் இல்லாமல் பொருள் மட்டும் எப்படி மிஞ்சியது, நாமெல்லாம் எப்படி இருக்கிறோம் என்பதற்கே ஒரு தடயம் கிடைக்கும்.

தேடல் லேசில் முடியவில்லை. 1949-ல் எட்வர்ட் ஃபயர்மேன் வெள்ளீயம்-124-ல் இரட்டைச் சிதைவைப் பார்த்ததாக எழுதினார். 1952-ல் அவரே திரும்பச் சோதித்தபோது அது நிற்கவில்லை. நியூட்ரினோக்களோடு வரும் 'சாதாரண' இரட்டைச் சிதைவையே ஆய்வுக்கூடத்தில் நேரடியாகப் பார்க்க 1987 ஆயிற்று. கலிஃபோர்னியாவின் இர்வைனில் எலியட், ஹான், மோ மூவரும் செலீனியம்-82-ல் அதைப் பிடித்தார்கள். கணக்குப் போட்டு 52 வருஷம் கழித்து!

2001-ல் ஹைடல்பெர்க்-மாஸ்கோ குழுவில் ஒரு பகுதியினர் ஜெர்மானியம்-76-ல் நியூட்ரினோ இல்லாத சிதைவையே கண்டதாக அறிவித்தார்கள். பலர் நம்பவில்லை. சரிபார்க்க இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கடியில், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே, 'ஜெர்டா' சோதனை நடந்தது. இரண்டு எலெக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் சரியாக 2039 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டில் விழ வேண்டும். அந்த இடத்தில் மற்ற இரைச்சல் எதுவும் இருக்கக் கூடாது. லேப்பில் கெய்கர் கவுண்டரை வைத்து முதலில் வெறும் பின்னணி எண்ணிக்கையை எடுத்தோமே, அதே வேலைதான். ஆனால் இங்கே அந்தப் பின்னணியையே கிட்டத்தட்டப் பூஜ்யமாக்க வேண்டும். அதற்காகக் கருவிகளைத் திரவ ஆர்கானில் தொங்கவிட்டார்கள்.

2020-ல் வந்த முடிவு: எதுவும் இல்லை. அரை ஆயுள் 18-க்குப் பின் 25 சைபர் போட்ட வருஷங்களுக்கும் மேல். அதாவது சுமார் 40 கிலோ ஜெர்மானியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் காத்திருந்தாலும், அதிகபட்சம் ஒன்றிரண்டு சிதைவுதான். பழைய அறிவிப்பு அடிபட்டுப்போனது.

மயோரானா சொன்னது சரியா தப்பா, இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஜப்பானில் செனான்-136-ஐ வைத்தும் தேடிவிட்டார்கள், அங்கேயும் கிடைக்கவில்லை. தம்பிகளே, தங்கைகளே, "ஒன்றும் வரவில்லை" என்று ரெக்கார்டு நோட்டில் எழுதக் கூச்சப்படாதீர்கள். எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்தும் வரவில்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அதுவும் ரிசல்ட்தான்.