டேங்கர் லாரியும் அனுமதிச் சீட்டும்: எத்தனால் கலப்பில் மாநில அரசுகள்

1. ஆய்வின் எல்லை

பெட்ரோலில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் 2003 ஜனவரியில் தமிழ்நாடு உட்பட 9 மாநிலங்களில் தொடங்கியது. 2013-14இல் நாடு எட்டியிருந்தது 1.53 விழுக்காடு. கட்டுப்படியாகாத கொள்முதல் விலை இதற்கு ஒரு காரணம். 2014 இறுதியில் மத்திய அரசே விலையை நிர்ணயித்ததும் வரத்து கூடியது. அதிகம் பேசப்படாத மற்றொரு காரணம் மாநிலங்களின் ஆயத்தீர்வைத் துறை. இக்கட்டுரை அதைப் பற்றியது.

2. சாராயமா, எரிபொருளா?

எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். எனவே பெட்ரோல் போகும் குழாயில் அதை அனுப்புவதில்லை. வடிப்பாலையிலிருந்து எண்ணெய்க் கிடங்குக்கு டேங்கர் லாரியில்தான் போகிறது. மாநில எல்லையைத் தாண்டும் லாரிக்கு ஒரு பக்கம் ஏற்றுமதி அனுமதி, மறுபக்கம் இறக்குமதி அனுமதி, இரண்டுக்கும் கட்டணம் என்று பல இடங்களில் நிலைமை இருந்தது. உத்தரப் பிரதேசத்திலோ, 1964ஆம் ஆண்டின் மொலாசஸ் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், சர்க்கரை ஆலைகள், எத்தனாலின் மூலப்பொருளான மொலாசஸில் ஒரு பகுதியை நாட்டுச் சாராயத்துக்கு ஒதுக்கியாக வேண்டும். மதுவருவாயை நம்பி வரவுசெலவுத் திட்டம் போடும் அரசு சாராயத்தின் மீதுள்ள பிடியைத் தளர்த்தத் தயங்கியதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது.

மத்திய அரசின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தில் 2016 மே மாதம் செய்த திருத்தம், குடிக்கும் மதுவை மாநிலங்களுக்கும் மற்றதை மத்திய அரசுக்கும் பிரித்தது. பல மாநிலங்கள் அதை உடனே நடைமுறைப்படுத்தவில்லை. மாநில நிதியமைச்சர்கள் அமரும் ஜிஎஸ்டி மன்றத்தில் 2018இல் கலப்பு எத்தனாலுக்கான வரி 18 விழுக்காட்டிலிருந்து 5 ஆகக் குறைந்ததை, ஒத்துழைப்புக்குக் கலப்படமற்ற சான்றாகச் சொல்லலாம். 2022 ஜூனில் 10 விழுக்காடும் 2025இல் 20 விழுக்காடும் எட்டப்பட்டன.

3. பிகார்: மதுவிலக்கு மாநிலத்தில் வடிப்பாலை

2016 முதல் முழு மதுவிலக்கில் இருக்கும் பிகார், 2021இல் எத்தனாலுக்கென்றே தனிக் கொள்கை வகுத்தது. மக்காச்சோளம் விளையும் பூர்ணியாவில் 2022இல் தானிய ஆலை திறக்கப்பட்டது. உற்பத்தி முழுவதும் எரிபொருளுக்கே என்பது கொள்கையின் அடிப்படை. மதுவருவாயே இல்லாத அரசுக்கு இழக்க ஒன்றுமில்லை. அதனால்தான் முந்திக்கொண்டது என்பது என் கணிப்பு.

4. தூய்மையின் கணக்கு

எத்தனாலில் உள்ள ஆக்சிஜன் கார்பன் மோனாக்சைடைக் குறைக்கிறது. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. வண்டிக்காரர்கள் மைலேஜ் குறைவதாக முணுமுணுப்பது வீண்புகார் அல்ல.

புகைக்குழாயில் தேடும் தூய்மையை ஆலை வாசலிலும் தேட வேண்டும். மொலாசஸிலிருந்து ஒரு லிட்டர் சாராயம் வடித்தால் 8 முதல் 15 லிட்டர் கருஞ்சிவப்புக் கழிவுநீர் வெளிவரும். பஞ்சாபின் ஜீராவில் நிலத்தடி நீர் கெட்டதாகச் சொல்லி 2022இல் கிராமத்தார் மாதக்கணக்கில் ஆலை வாசலில் அமர்ந்தார்கள். 2023 ஜனவரியில் முதலமைச்சரே ஆலையை மூட உத்தரவிட்டார்.

5. 2024 தீர்ப்புக்குப் பின்

1990இல் உச்ச நீதிமன்றத்தின் 7 நீதிபதிகள் தொழிற்சாலைச் சாராயத்தை மாநிலங்களின் கையிலிருந்து எடுத்தனர். 2024 அக்டோபர் 23 அன்று 9 நீதிபதிகள் அமர்வு, 8க்கு 1 என்ற கணக்கில், அதைத் திருப்பிக் கொடுத்தது. 2016 திருத்தத்தின் அடித்தளமே இதனால் ஆட்டம் காண்கிறது. மாநிலங்கள் லாரிக்கு மறுபடி கட்டணம் விதிக்க இடம் உண்டு. உரிமம் தரும்போதே ஆழ்துளைக் கிணறுகளையும் கழிவுநீரையும் பற்றிக் கறாரான நிபந்தனை போடவும் அதே அளவு இடம் உண்டு.