முதுகுவலிக்குப் பத்துக் கேள்விகள்

பெரம்பலூரில் சின்ன வெங்காயம், பருத்தி, மக்காச்சோளம். அரியலூரில் சிமெண்ட் ஆலைகள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்கள், அவற்றுக்கு ஓடும் லாரிகள். இரண்டு மாவட்டங்களிலும் பிழைப்பே முதுகின் பலத்தில்தான் நடக்கிறது. ‘ஜவ்வு விலகிடுச்சு’ என்று சொல்லித் திருச்சிக்கோ சென்னைக்கோ போய் ஆபரேஷன் செய்துகொண்டு வருபவர்கள் இல்லாத ஊர் குறைவு. அதில் சிலருக்கு வலி திரும்பி வருகிறது. மீண்டும் ஸ்கேன், மீண்டும் ஆபரேஷன் பேச்சு. இரண்டாவது முறையும் முடிந்தபின் எக்ஸ்ரேயைப் பார்க்கும் டாக்டர், கம்பியும் ஸ்க்ரூவும் சரியாக இருக்கின்றன என்பார். நோயாளியோ, “அதெல்லாம் சரிங்க, என்னால குனிய முடியலையே” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் ஆபரேஷன் பலித்ததா என்பதை யார் சொல்லை வைத்து முடிவு செய்வது?

நோயாளியின் சொல்லை வைத்துத்தான் என்று உலகத்தை ஒப்புக்கொள்ள வைத்தவற்றில் ஒன்று ஒரு கேள்வித்தாள். ஆங்கிலத்தில் ஓ.டி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஆஸ்வெஸ்ட்ரி இயலாமை அளவீடு அது. முதுகெலும்பு சிகிச்சை பற்றிய ஆய்வுகளில் உலகெங்கும் அதிகம் பயன்படும் அளவுகோல்களில் இதுவும் ஒன்று.

ஆஸ்வெஸ்ட்ரி இங்கிலாந்தில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய சிற்றூர். அங்குள்ள எலும்பு மருத்துவமனைக்கு ராபர்ட் ஜோன்ஸ், ஆக்னஸ் ஹன்ட் என்ற இருவரின் பெயர். ஹன்ட் ஒரு நர்ஸ். சிறு வயதிலேயே இடுப்பு மூட்டில் நோய் கண்டு ஆயுள் முழுக்க நடக்கச் சிரமப்பட்டவர். 1900இல் பாஸ்சர்ச் என்ற கிராமத்தில் அவர் தொடங்கிய சிறு இல்லம்தான் 1921இல் ஆஸ்வெஸ்ட்ரிக்கு இடம் மாறிப் பெரிய மருத்துவமனையானது. நோயாளியாகவே வாழ்ந்த ஒருவர் தொடங்கிய இடத்தில் இப்படி ஒரு தாள் பிறந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

1976இல் அங்கே ஜான் ஓ’பிரையன் என்ற அறுவை மருத்துவரிடம் நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் ஏராளமாக வந்துகொண்டிருந்தார்கள். வலி இவர்களுடைய அன்றாட வாழ்க்கையை எவ்வளவு முடக்குகிறது என்று அளக்க ஒரு வழி வேண்டும் என அவர் வேலையைத் தொடங்கிவைத்தார். நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசி, எந்தெந்த வேலை கெட்டுப்போகிறது என்று கேட்டு எழுதியவர்களில் முக்கியமானவர் ஜூடித் கூப்பர். அவர் தொழில்வழி சிகிச்சையாளர். கத்தி பிடிப்பவர் அல்ல. நோயாளி வீட்டுக்குப் போய் என்ன செய்ய முடிகிறது என்பதுதான் அவருடைய துறையின் அக்கறை. பல முறை திருத்தி, ஜெரமி ஃபேர்பேங்க், கூப்பர், டேவிஸ், ஓ’பிரையன் ஆகிய நால்வர் பெயரில் 1980இல் தாள் வெளியானது.

வலியின் கடுமை, குளிப்பது உடுத்துவது, பாரம் தூக்குவது, நடப்பது, உட்காருவது, நிற்பது, தூங்குவது, தாம்பத்தியம், நாலு பேரோடு பழகுவது, பயணம் என்று பத்துப் பகுதிகள். ஒவ்வொன்றிலும் ஆறு படிகள். மதிப்பெண் 0 முதல் 5 வரை. மொத்தம் 50. அதை இரட்டித்தால் சதவீதம். எண் கூடக்கூட முடக்கம் கூடுதல். கூச்சத்தில் தாம்பத்தியக் கேள்வியை விட்டுவிட்டாலும் கெடுதல் இல்லை. மீதியை 45க்குக் கணக்கிட்டுச் சதவீதம் பார்க்கலாம்.

பாரம் தூக்கும் பகுதியைப் பாருங்கள். கனத்தைக் கூடுதல் வலியில்லாமல் தூக்க முடியும் என்பது முதல் படி. தூக்க முடியும், ஆனால் வலி கூடும் என்பது இரண்டாவது. தரையிலிருந்து தூக்க முடியாது, மேஜை உயரத்தில் இருந்தால் முடியும் என்பது மூன்றாவது. இப்படியே இறங்கி, எதையும் தூக்கவே முடியாது என்பதில் முடிகிறது. 50 கிலோ சிமெண்ட் மூட்டையை லாரியிலிருந்து தோளுக்கு வாங்குகிறவருக்கு இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையில் கிடப்பது அவருடைய கூலி. எந்த எக்ஸ்ரேயும் அதைக் காட்டாது.

ஆனால் ஆஸ்வெஸ்ட்ரி தாள் திருப்தியைக் கேட்பதில்லை. அந்தக் கேள்வி வேறொரு தாளில் வந்தது. முதுகுத்தண்டு வளைவுக்காக அமெரிக்காவில் 1966இல் தொடங்கப்பட்ட ஸ்கோலியோசிஸ் ஆய்வுக் கழகத்தின் தாள் அது; அதன் 22 கேள்விகளில் கடைசி இரண்டும் திருப்தி பற்றியவை. சிகிச்சையின் பலன் உங்களுக்குத் திருப்தியா? இதே நிலை மறுபடி வந்தால் இதே சிகிச்சையைச் செய்துகொள்வீர்களா? ஏற்கனவே ஒரு முறை செய்து ஏமாந்தவரிடம் கேட்பதற்கு இந்த இரண்டாவது கேள்வியைவிட நேர்மையான கேள்வி எனக்குத் தெரியவில்லை.

மறு ஆபரேஷன் ஏன் கடினம்? பழைய தழும்பு நரம்போடு ஒட்டிக் கிடக்கும். அதைப் பிரிக்கும்போது நரம்பின் உறை கிழியும் ஆபத்து முதல் முறையைவிட அதிகம். கனடாவின் ஒன்ராறியோவில் வேலையில் அடிபட்ட தொழிலாளர்களைப் பின்தொடர்ந்து கார்டன் வாடெல் குழு 1979இல் எழுதிய கட்டுரை, இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் தொடர்ந்து செய்தால் தேறுவதைவிட மோசமாகும் வாய்ப்பே அதிகம் என்று எச்சரித்தது. அதற்குப் பிறகு கருவிகளும் ஸ்கேனும் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் அடிப்படை மாறவில்லை. முதல் ஆபரேஷனுக்குப் பின் சில மாதங்களாவது நன்றாக இருந்து, இப்போது முதுகைவிடக் கால் வலி அதிகமாக இருந்து, ஸ்கேனில் காரணம் தெளிவாகத் தெரிந்தால் பலன் எதிர்பார்க்கலாம். காரணம் தெரியாமல் வலிக்காக மட்டும் மறுபடி திறப்பது வேறு கதை.

ஃபேர்பேங்க் பின்னாளில் தன் தாளைக் கொண்டே எலும்பை இணைக்கும் ஆபரேஷனைச் சோதித்தார். பிரிட்டனில் 349 நோயாளிகள்; பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குத் தீவிர உடற்பயிற்சியும் மனப்பயிற்சியும். 2005இல் முடிவு வந்தது. இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்புக்கும் வித்தியாசம் சுமார் 4 புள்ளிதான். நோயாளி தன் வாழ்வில் உணரும் மாற்றத்துக்குப் பொதுவாக 10 புள்ளியாவது குறைய வேண்டும் என்பார்கள். தான் அறுவை மருத்துவராக இருந்தும் அந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டாரே, அதற்காகவும் இந்தத் தாளை நம்பலாம்.

தமிழுக்கும் அது வந்துவிட்டது. ஜோஷுவா வின்சென்ட், ஜாய் மெக்டெர்மிட் முதலானோர் தமிழாக்கி, நம்பகமானதா என்று சோதித்து 2014இல் வெளியிட்டார்கள். ஆனால் மூலத்தின் பத்துப் பகுதிகளில் குந்தி உட்காருவதற்கு இடமில்லை. வெங்காயத்தைப் பிடுங்கித் தழை அறுத்துப் பட்டறை போடும் பெண்ணுக்கு நாள் முழுக்கக் குந்தித்தான் வேலை. பந்தியில் சம்மணமிடுவதும், கழிப்பறையில் குந்துவதும் அப்படியே. பத்தை மாற்ற வேண்டாம்; மாற்றினால் ஒப்பிட முடியாது. அடியில் கையால் ஒரு வரி சேர்த்து எழுதிக்கொண்டால் போதும்.

அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பெரம்பலூரிலும் மருத்துவக் கல்லூரி உண்டு. இந்தத் தாளை நிரப்ப ஐந்து நிமிடம், ஒரு பேனா, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தால் ஆயிற்று.

இரண்டாவது ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடும் முன் தாளைக் கேட்டு வாங்கி நிரப்புங்கள். இந்த எண் எவ்வளவு குறையும் என்று எதிர்பார்க்கிறீர்கள் என டாக்டரிடமே கேளுங்கள். ஆறு மாதம் கழித்தும், ஒரு வருடம் கழித்தும் அதையே நிரப்பிப் பாருங்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: சிறுநீர் வராமல் அடைத்தாலோ, போவது தெரியாமல் போனாலோ, உட்காரும் இடம் மரத்தாலோ, கால் பாதம் தொங்கிவிட்டாலோ தாளுக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.