ஐட்டா வில்லும் அம்பும்

பிலிப்பைன்ஸின் லூசோன் தீவில், சாம்பாலெஸ் மலைக்காடுகளில் வாழும் ஐட்டா பழங்குடியினரின் வேட்டைக் கருவி. பனை இனத்து மரமொன்றின் வைரம் பாய்ந்த புறப்பகுதியைப் பிளந்து, இரு முனையும் மெலியச் செதுக்கி வில்லாக்குவர். மரப்பட்டை நாரை முறுக்கி நாண் திரிப்பர். அம்புத்தண்டு எடை குறைந்த நாணல். அடியில் இறகு கட்டப்படும். மீனுக்கான அம்புக்கு இறகு கிடையாது.

கைத்திறன் முழுதும் தெரிவது பன்றி, மான் வேட்டைக்கான அம்பில்தான். அதன் இரும்பு முனை தண்டில் இறுகப் பொருத்தப்படுவதில்லை. நீண்ட கயிற்றால் மட்டுமே பிணைக்கப்படும். தைத்ததும் முனை உடலில் தங்க, தண்டு கழன்று பின்னால் இழுபடும். ஓடும் விலங்கு புதரில் சிக்கி நின்றுவிடும். வில்லியம் ஆலன் ரீட் 1904-இல் வெளியிட்ட இனவரைவியல் நூலில் இவ்வேட்டைக் கருவிகளை விவரித்துள்ளார்.